சாமைக்கு யார் உலக்கை பிடிப்பது?

கொல்லிமலையில் சாமையும் தினையும் அருகிப்போனதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையேறி வந்த மரவள்ளி ஒன்று. ரேஷன் அரிசி இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்த தானியத்தை இந்த இரண்டும் எப்படி அவ்வளவு சுலபமாக ஓரங்கட்டின? அதற்கான விடை வீட்டு வாசலில், உரலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சாமை சோறாக வேண்டுமென்றால் முதலில் அதைக் குத்தியாக வேண்டும். குத்தியவர்கள் பெண்கள். அந்த வேலையிலிருந்து தப்பிக்க வழி கிடைத்தபோது அந்த வழியில் போனார்கள்.

சிறுதானியங்களை மீட்கும் முயற்சியை ஊட்டச்சத்தை வைத்தும் விதை வளத்தை வைத்தும் பலர் எடைபோட்டுவிட்டார்கள். உழைக்கிறவரின் உடல்நலம், வேலையில் அவருக்குக் கிடைக்கும் நிறைவு, வேலை போக அவருக்கென்று மிஞ்சும் நேரம் ஆகியவற்றை வைத்து எடைபோட்டவர்கள் குறைவு. பணி நிறைவு, பணியாளர் நலம் என்ற பேச்சையே நாம் ஐ.டி. அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் எழுதிக்கொடுத்துவிட்டோம். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மலைமேல் உள்ள ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருப்புலி நாடு, கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளில் ஒன்று. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் இந்த மலையில் ஊராட்சிகளின் பெயரெல்லாம் நாடு என்றே முடியும். வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். வானம் பார்த்த மேட்டுக்காடு, தாழ்வில் கொஞ்சம் நெல் வயல், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகு, அதன் நிழலில் காப்பி, ஆங்காங்கே பலா. கொல்லிமலையின் விவசாயம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இங்கே வீடும் காடும் தனித்தனி இல்லை. வேலை எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டுக் காட்ட முடியாது. கோடு போட முடியாது என்பதாலேயே அந்தக் கேள்வி இவர்களுக்குப் பொருந்தாது என்று விட்டுவிடுவது அநியாயம்.

அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தாலே இந்த விடுபடல் விளங்கும். 1959இல் ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் கேட்டு எழுதப்பட்டது. சம்பளம், மேலதிகாரி, வேலையிடச் சூழல் சரியில்லையென்றால் மனக்குறை வரும். ஆனால் அவை சரியாக இருந்துவிட்டால் மட்டும் மனநிறைவு வந்துவிடாது. அதற்குச் சாதனை, அங்கீகாரம், பொறுப்பு வேண்டும் என்றார் அவர். 20 ஆண்டுகள் கழித்து, 1979இல், ராபர்ட் கராசெக் இன்னும் கூர்மையான ஒன்றைச் சொன்னார். வேலைப்பளு மட்டும் மனிதரை நோகடிப்பதில்லை. பளு அதிகமாகவும், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனஅழுத்தம் மிகுதி. சுவீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் தரவுகளிலிருந்து அவர் எடுத்த முடிவு இது. பளு, உரிமை என்ற இந்த இரண்டு தட்டுகளையும் வைத்துக்கொண்டால் கொல்லிமலையை நன்றாகவே நிறுத்துப் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடை. நம் நாட்டுப் புள்ளிவிவரத்தில் உலக்கை பிடிக்கும் அந்தப் பெண்ணுக்கு வேலையே இல்லை. வீட்டுக்காக விறகு பொறுக்குகிறவர், கிழங்கு, கீரை சேகரிக்கிறவர், நெல் குத்துகிறவர் ஆகியோரைத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு வீட்டுக் கடமைகளில் ஈடுபடுவோர் என்ற வகையில் வைக்கிறது. விறகும் கீரையும் சேர்ந்த வகைக்கு எண் 93. இந்த எண் விழுந்தால் அவர் தொழிலாளர் படைக்கு வெளியே. இத்தனைக்கும் விளைந்த தானியத்தை வீட்டு உபயோகத்துக்காகப் பக்குவப்படுத்துவது உற்பத்திதான் என்று தேசியக் கணக்குகளுக்கான சர்வதேச விதிமுறை ஏற்றுக்கொள்கிறது. குத்தி எடுத்த அரிசியை உலையில் போடுவது மட்டுமே அந்த எல்லைக்கு வெளியே. 2013இல் கூடிய சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போய், சொந்த உபயோகத்துக்கான உற்பத்தியையும் வீட்டுப் பணிகளையும் ‘வேலை’ என்றே வரையறுத்தது. உலகம் வேலை என்று ஒப்புக்கொண்டதை நம் படிவம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. வேலை என்று பெயர் வைக்காத ஒன்றில் நிறைவு உண்டா, நோவு உண்டா என்று யார் கேட்பார்கள்?

நேரக் கணக்கு மட்டும் கொஞ்சம் உண்மை பேசுகிறது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற இந்தியப் பெண்கள் ஊதியமில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். ஆண்கள் கொடுத்தது 97 நிமிடம். 2024இல் அது முறையே 289, 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குக் குறைந்தது 10 நிமிடம்; அதே ஐந்து ஆண்டுகளில் ஆண்களும் 9 நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். தானியம் குத்துவது இந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். அது சொந்த உபயோகத்துக்கான பொருள் உற்பத்தி என்ற வேறு தலைப்பில் போகிறது. வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தியும், 90 மணி நேரம் என்று 2025இல் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனும் பேசியபோது நாடே கொதித்தது. நல்லது. அந்த விவாதத்தில் மலைக்காட்டுப் பெண்ணின் வாரம் எத்தனை மணி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர் உரலில் என்ன செய்தார் என்று அருகே போய்ப் பார்க்கலாம். நெல்லைப் போன்றதல்ல சாமை. மணி சின்னது, உமி கெட்டி. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை என்று இந்த மலையிலேயே பல ரகங்கள் உண்டு. ரகம் எதுவானாலும் உமி நீக்காமல் வாயில் வைக்க முடியாது. வெயிலில் காயப் போட்டு, உரலில் இட்டுக் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் நொய்யாகும்; மெதுவாகக் குத்தினால் உமி விடாது. முறத்தில் அள்ளிப் புடைத்தால் உமி பறக்கும், அதோடு சின்ன மணியும் பறக்கப் பார்க்கும். கொழித்து, நேம்பி, உமி நீங்காததைப் பிரித்து மறுபடி உரலில் போட வேண்டும். திரும்பத் திரும்ப இதையே செய்தால்தான் அரிசி தேறும். இதை ஒரே நாளில் மொத்தமாக முடித்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. தவிட்டோடு கூடிய சாமை அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். அதனால் சமையலுக்கு வேண்டியதை அவ்வப்போது குத்த வேண்டும். தோளும் இடுப்பும் உள்ளங்கையும் இதற்கு விலை கொடுத்தன. காட்டில் களை வெட்டி, தண்ணீர் சுமந்து வந்த பிறகு செய்யும் வேலை இது என்பதை மறந்துவிடக் கூடாது.

கேழ்வரகு இதற்கு ஒரு நல்ல எதிர்ச்சான்று. அதற்கு நீக்கியாக வேண்டிய கெட்டி உமி இல்லை. கதிரடித்துத் தூற்றினால் மணி வந்துவிடும். மாவு மில்லில் கொடுத்தால் அரைத்துத் தருவார்கள். மில் வந்த இடங்களிலெல்லாம் கேழ்வரகுக்காரிக்குத் திரிகை வேலை மிச்சமானது. சாமைக்காரிக்கு அது கிடைக்கவில்லை. நெல்லுக்கு அமைத்த மில் சாமையை நொறுக்கிவிடும், இல்லையென்றால் உமியோடு தள்ளிவிடும். ரேஷன் அரிசியையும் இந்தக் கண்ணால் பாருங்கள். 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. அதன் விலையைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அது குத்தப்பட்டு, உமி நீக்கப்பட்டு, அப்படியே உலையில் போடும்படி வருகிறது என்பதை யாரும் பேசுவதில்லை. ஒரு பெண்ணுக்கு விலை குறைந்ததைவிட இதுவே பெரிய வரவாக இருந்திருக்கும்.

இனி மரவள்ளியை நிறுக்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சேலம் வட்டாரத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உருவாகும் அளவுக்கு வளர்ந்தது. மலைச்சரிவுகள் அதற்குக் கிழங்கு தரும் காடுகளாயின. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் கொல்லிமலையில் தங்கி ஆராய்ந்து 2006இலும் 2007இலும் எழுதிய கட்டுரைகள் இந்த மாற்றத்தைப் பற்றியவை. மாறிவரும் மழை, பணத்தேவை, தங்கள் வாழ்க்கையும் மேம்பட வேண்டும் என்ற விருப்பம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து மக்களே எடுத்த முடிவாக அதை அவர் வாசித்தார். மலைமக்கள் ஏமாந்துபோனார்கள் என்ற வழக்கமான பரிதாபத்தைவிட இந்த வாசிப்பு அவர்களை மதிக்கிறது. நானும் அதோடு உடன்படுகிறேன். வேலையின் அளவைப் பார்த்தாலும் மரவள்ளிக்கு நியாயம் இருக்கிறது. குச்சி நடுவதும், களை எடுப்பதும், பிடுங்கிச் சுமப்பதும் கடுமையான வேலைகள்தான், ஆனால் அவை சில மாதங்களுக்குள் முடிபவை. சாமையின் கடைசிக் கட்ட வேலையோ அன்றாடம் வருவது. பருவத்தில் வரும் பளுவை உடம்பு தாங்கிவிடும். அன்றாடம் வரும் பளு ஓய்வையே தின்றுவிடும்.

அப்படியானால் மரவள்ளி வென்றதா? பளுத் தட்டில் வென்றது, உரிமைத் தட்டில் தோற்றது. சாமைக் காட்டில் எந்த ரகத்தை எதோடு கலந்து விதைப்பது, எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது, அதை எந்தக் குதிரில் எப்படிக் காப்பது என்ற அறிவும் முடிவும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தன. கொல்லிமலையில் நெடுங்காலம் வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. மரவள்ளிக்கு விதைப்பானை தேவையில்லை. அடுத்த முடிவு லாரிக்காரரிடமும் ஆலையிலும் நடக்கிறது. கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் சோதித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். விளைவித்த குடும்பத்துக்கே அதில் பேச்சில்லை என்னும்போது, அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு என்ன பேச்சு இருக்கும்? விலை விழுந்த வருடம் கிழங்கைத் தின்று காலம் தள்ளவும் முடியாது. ஹெர்ஸ்பெர்க் சொன்ன பொறுப்பும் அங்கீகாரமும் விதை காத்த பெண்ணுக்கு ஊருக்குள் இருந்தன. கிழங்குக் காட்டில் அவர் களை எடுக்கும் ஆளாகச் சுருங்கினார். சரிவில் மண் அரிப்பது தனிக் கதை, அதையும் கடைசியில் அனுபவிப்பது இவர்கள்தான்.

மிச்சமான நேரம் ஓய்வாக மாறியதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உரல் போனதால் கிடைத்த பொழுது கூலி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் காப்பி, மிளகு அறுவடைக்கும் போனது. கையில் காசு வந்தது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் வீட்டில் உள்ள ஆண் அடுப்படிக்கு வராதவரை, ஒரு வேலை குறைந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். நூறு நாள் வேலையின் சட்டத்தில், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. பணியாளர் நலம் பற்றி மலைப் பெண்ணை மனத்தில் வைத்து எழுதிய மிக அரிதான வரி அது.

இந்தப் பின்னணியில்தான் சுவாமிநாதன் நிறுவனம் செய்ததை மதிப்பிட வேண்டும். 1990களில் கொல்லிமலையில் வேலையைத் தொடங்கிய அந்த நிறுவனம், விதை வங்கி, கண்காட்சி என்று பலவற்றைச் செய்தது. அவற்றில் எனக்கு முதன்மையாகத் தோன்றுவது 2001இல் தொடங்கிய சர்வதேசத் திட்டம் ஒன்றின் துணையோடு அது கொண்டுவந்த சிறிய மில்கள். உமி நீக்கும் இயந்திரத்தை மலைமேலேயே வைத்து, சுயஉதவிக் குழுப் பெண்களிடம் நடத்தக் கொடுத்தார்கள். சாமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் பெண்ணின் தோளைக் காப்பாற்ற வேண்டும் என்று அந்த முடிவு புரிந்துகொண்டிருக்கிறது. பளுவும் குறைந்தது, மில்லின் சாவியும் பெண்கள் கையில் வந்தது. கராசெக்கின் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் சரியான பக்கம் சாய்ந்த வேறொரு முயற்சி இந்த மலையில் எனக்குத் தெரியவில்லை. பிறகு உருவான கொல்லிமலை வேளாண் பல்லுயிர் பாதுகாவலர் கூட்டமைப்பும் இந்தக் குழுக்களின் மேல் எழுந்ததுதான். குய்லாம் குரூயர், லதா நாகராஜன், ஆலிவர் கிங் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிக் கூட்டாகச் செயல்படாமல் இந்தத் தானியங்களுக்குச் சந்தை உருவாகியிருக்காது என்று காட்டியது.

குறை இல்லாமல் இல்லை. மலையில் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. மில் இருக்கும் ஊருக்கு அது வரம். இரண்டு மேடு தாண்டி இருக்கும் ஊருக்கு மூட்டையைத் தலையில் சுமந்து போக வேண்டும். உலக்கை வேலை சுமை வேலையாக மாறினால் அது விடுதலை ஆகாது. மின்சாரம் நிற்கும், உதிரிப்பாகத்துக்கு அடிவாரம் இறங்க வேண்டும், சாகுபடி குறைந்த வருடம் மில்லுக்குப் போதிய தானியம் வராது. வெளியிலிருந்து திட்டப் பணம் வரும்வரை ஓடும் இயந்திரம், அது நின்ற பிறகும் ஓட வேண்டுமென்றால் அரசுதான் தோள் கொடுக்க வேண்டும்.

குத்தும் வேலையில் மகிழ்ச்சியும் இருந்தது, பெண்கள் கூடிப் பாடினார்கள், அதையெல்லாம் இழந்துவிட்டோம் என்று ஒரு வாதம் வரும். வள்ளைப் பாட்டு என்ற வகையே தமிழில் உண்டு என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் கூட்டு வாழ்வின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டு சாட்சி சொல்வது தோழமைக்கு. உலக்கையில் நிறைவு கண்டதற்கு அது சாட்சி ஆகாது. நிறைவு இருந்திருந்தால் அடுத்த தலைமுறை மகள்கள் அதை விரும்பி எடுத்திருப்பார்கள். அவர்கள் எடுக்கவில்லை. தன் மகள் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று தாய் ஆசைப்படுகிறாளா என்பதைவிட நேர்மையான பணி நிறைவுச் சோதனை எனக்குத் தெரியாது. சாமைச் சோற்றின் ருசியை ஏங்கிப் பேசும் அதே பெண், உரலை ஏங்கிப் பேசுவதில்லை.

2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தமிழக அரசும் அந்த ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் சிறுதானிய இயக்கத்துக்கு ₹82 கோடி ஒதுக்கியது. அதே ஆண்டு மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு பெறும் திட்டம் வந்தது. செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, பெண்களின் ஊதியமில்லா உழைப்பை மதித்து மாதம் ₹1,000 தருவதாகச் சொன்னது. இவை நல்ல அடிகள். ஆயினும் சிறுதானியத் திட்டங்கள் பரப்பளவையும் விளைச்சலையும் எண்ணுகின்றன. பெண்ணின் பொழுதை எண்ணுவதில்லை. நகரத்துக் கடையில் சாமை அரிசிக்கு நல்ல விலை இருக்கிறது. உமியோடு மலையிறங்கும் சாமைக்கு அந்த விலை இல்லை. உமி நீக்குவது எங்கே நடக்கிறதோ அங்கேதான் லாபம் நிற்கிறது. சமவெளி ஆலையில் நடந்தால், கொல்லிமலைப் பெண் விதைத்து, களை எடுத்து, அறுத்துக் கொடுக்கும் கூலியாகவே மிஞ்சுவார். மரவள்ளியில் நேர்ந்தது சாமையிலும் நேரும்.

ஆகவே என் தீர்ப்பு இது. சாமையைக் கைவிட்டது அறியாமையோ மோகமோ அல்ல. ஊதியமில்லாத, கணக்கில் வராத, அன்றாட நோவைத் தந்த ஒரு வேலையிலிருந்து பெண்கள் விலகியது அது; அந்த விலகல் நியாயமானது. மரவள்ளி அவர்கள் கைகளுக்குக் கொஞ்சம் இளைப்பாறல் தந்து, முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. உழைப்பவர் நலம் என்ற அளவில் அது பாதிதான் தேறும். ஊருக்குள் பெண்கள் நடத்தும் மில்லோடு வரும் சாமை மட்டுமே முழுதாகத் தேறுகிறது. மில் இல்லாமல் விதையும் மானியமும் மட்டும் கொடுத்துச் சாமையைத் திரும்பக் கொண்டுவரும் எந்தத் திட்டமும், எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும், பெண்களின் கையில் மறுபடியும் உலக்கையைத் திணிப்பதுதான். அதை நான் ஏற்கமாட்டேன்.

திருப்புலி நாடு உள்ளிட்ட 14 ஊராட்சிகளிலும், நடந்து போகும் தூரத்தில், சாமைக்கென்றே அமைத்த உமி நீக்கும் மில்லும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண்ணும் இருக்க வேண்டும். வேளாண் துறையின் சிறுதானிய அறிக்கையில் எத்தனை ஹெக்டேர் என்ற பத்திக்குப் பக்கத்தில், எத்தனை மணி நேர வேலை குறைந்தது, அரிசியின் விலையில் எவ்வளவு மலையிலேயே நின்றது என்ற இரண்டு பத்திகளைச் சேர்க்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்கிறேன். நகரத்தில் சாமை வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அது உடம்புக்கு என்ன செய்யும் என்று விசாரிப்பதோடு, எந்த ஊரில், யார் நடத்தும் மில்லில் உமி நீக்கியது என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.